கொல்கத்தா வரை தமிழ் கேட்குமா? வாசகர் கேள்வி பதில்

நீண்ட தூரம் வண்டியில் போகிறவர்கள் வழியில் என்ன கேட்கிறீர்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். ராயபுரம், காசிமேடு, மாதவரம், திருவொற்றியூர் என்று வடசென்னையிலிருந்துதான் கடிதங்கள் அதிகம். லாரி, துறைமுகம், விசைப்படகு என்று எப்போதும் யாராவது வெளியே போய்க்கொண்டிருக்கிற பகுதி, அதனால் எனக்கு ஆச்சரியமில்லை. பல கடிதங்கள் சாட்டிலைட் ரேடியோவை, அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக நம் கருவிக்கு வரும் ரேடியோவைச் சுற்றியே இருந்ததால் இந்த முறை முழுவதும் அதுதான்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார். செங்குன்றத்தில் சரக்கு ஏற்றினால் கொல்கத்தா வரை போவார். சூலூர்பேட்டை தாண்டினால் சென்னை எஃப்எம் எதுவும் சரியாக வருவதில்லை, அப்புறம் முழுக்கத் தெலுங்கு, அதன் பிறகு ஒடியா என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், அங்கே கார்களில் சாட்டிலைட் ரேடியோ உண்டு, நாடு முழுக்க ஒரே நிலையம் கேட்கலாம் என்று சொல்கிறான். ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னால் இங்கே வேலை செய்யுமா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: வாங்கச் சொல்லாதீர்கள் அம்மா, இங்கே அதில் ஒரு சத்தமும் வராது. உங்கள் அண்ணன் மகன் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்கு உண்மை. அது சிரியஸ்எக்ஸ்எம் என்ற நிறுவனத்தின் சேவை. எக்ஸ்எம் 2001 செப்டம்பரிலும் சிரியஸ் 2002 பிப்ரவரியிலும் தனித்தனியாகத் தொடங்கி, 2008-ல் ஒன்றாகிவிட்டன. அவர்களுடைய செயற்கைக்கோள்கள் வட அமெரிக்காவை நோக்கித்தான் ஒலிபரப்புகின்றன. நம் தலைக்கு மேல் அந்த அலை கிடையாது, அதனால் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை.

ஆனால் உங்கள் கணவர் படும் கஷ்டம் எதனால் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாட்டிலைட் ரேடியோவின் அருமை அங்கேதான் புரியும். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கோபுரம் எவ்வளவு உயரமானாலும் பூமியின் வளைவு ஒரு கட்டத்தில் அதை மறைத்துவிடும், அதனால் ஐம்பது, எழுபது கிலோமீட்டர் தாண்டினாலே இரைச்சல் ஆரம்பம். செயற்கைக்கோள் இருப்பதோ 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் ஒரு நாடே ஒரே பார்வையில் அடங்கும், மாநில எல்லை, மலை, ஊர் எதுவும் கணக்கில் வராது. நியூயார்க்கில் கிளம்பிய ஒரு டிரைவர் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி லாஸ் ஏஞ்சலஸ் சேரும் வரை நிலையத்தை மாற்றாமல் கேட்கலாம். லாரி ஓட்டுபவர்களுக்கென்றே அங்கே தனி சேனல் இருக்கிறது, அதில் அவர்கள் தொழிலைப் பற்றியே பேசுகிறார்கள், டிரைவர்கள் போன் செய்து தங்கள் பிரச்சினையைச் சொல்கிறார்கள். பாட்டை விட இதுதான் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன். நாள் கணக்கில் தனியாக ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குத் தன் தொழில் தெரிந்த ஒருவருடைய குரல், அதுவும் தன் மொழியில் கேட்பது, சின்ன விஷயமில்லை.

பாலத்துக்கு அடியில் போனால் நின்றுவிடாதா என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு செயற்கைக்கோள்கள் சில விநாடி இடைவெளி விட்டு அனுப்புகின்றன, கருவி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒன்று விட்டதை மற்றொன்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. உயரமான கட்டடங்கள் நிறைந்த நகரங்களில் தரையிலும் கோபுரம் நட்டு அதே அலையை மறுபடி அனுப்புகிறார்கள். பெருமழையில் நம் வீட்டு டிஷ் டிவி படம் உடைவது போல இதில் நடப்பதில்லை, காரணம் இவர்கள் பயன்படுத்துவது 2.3 கிகாஹெர்ட்ஸ் அலை, மழை அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சந்தா கட்ட வேண்டும் என்பதும், நீண்ட சுரங்கப்பாதையிலும் மூடிய பார்க்கிங்கிலும் பல நேரம் நின்றுவிடும் என்பதும் குறைகள்.

இப்போதைக்கு உங்கள் கணவருக்கு என்ன செய்யலாம்? கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு வைஃபையில் பாட்டு, பேச்சு, கதை என்று ஒரு பென்டிரைவ் நிறையப் போட்டுக் கொடுங்கள். டவர் நன்றாகக் கிடைக்கிற இடங்களில் ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் தமிழ் நிலையங்கள் வரும், அது இலவசம். இரவில் வண்டியை ஓரங்கட்டியிருக்கும்போது மீடியம் வேவ் உள்ள ஒரு சிறிய ரேடியோவில் 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை நிலையத்தைத் தேடிப் பார்க்கலாம். பகலை விட இரவில் மீடியம் வேவ் வெகுதூரம் போகும், மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால். லாரி கேபின் இரும்பு என்பதால் உள்ளே வைத்தால் வராது, ஜன்னலோரம் வைத்து ரேடியோவையே மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் தெளிவாக வருகிறதோ அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று, இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரேடியோ தனிமையைப் போக்கும், தூக்கத்தைப் போக்காது. கண் சொருகினால் சத்தத்தைக் கூட்டுவது தீர்வல்ல, வண்டியை நிறுத்தித் தூங்குவது ஒன்றுதான் தீர்வு.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வேர்ல்டுஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோ கிடக்கிறது. அந்தக் காலத்தில் நாளெல்லாம் கர்நாடக இசை கேட்போம். மறுபடி ஓட வைக்க முடியுமா? (ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: முடியாது ஐயா. அந்த ரேடியோவில் பழுது இல்லாமலே இருக்கலாம், அதற்கு நிகழ்ச்சி அனுப்பிய நிறுவனம்தான் இல்லை. 2008 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தார்கள், இந்தியாவில் 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு சேவை நின்றது. சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்தவர்கள் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த நிறுவனத்தின் சந்தாதாரர்களில் பெரும்பகுதி இந்தியர்கள்தான் என்பது இன்னும் வருத்தமான விஷயம்.

அதை ஆரம்பித்தவர் எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்தபோது, அது பற்றிய சரியான தகவல் மக்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்ற ஆதங்கத்தில் பிறந்த யோசனை அது. 1998-ல் ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிஸ்டார், 2000-ல் நமக்கு ஆசியாஸ்டார் என்று செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஆசியாஸ்டார் 105 டிகிரி கிழக்கில் இருந்ததால் நம் ஊரில் ஆன்டெனாவைக் கடல் பக்க வானம் நோக்கித் திருப்பி வைக்க வேண்டும், உங்களுக்கு நினைவிருக்கும். ராயபுரம் மாடிகளுக்கு அது மிக வசதி. விளம்பரமே இல்லாத கர்நாடக இசை சேனல், தமிழ்ப் பாட்டுக்கு கேஎல் ரேடியோ என்று அப்போது கிடைத்த ஒலித்தரமும் தேர்வும் எனக்கும் பெரிய விஷயமாகவே பட்டன. ஏ.ஆர்.ரகுமான் இந்தியாவில் அவர்களுடைய விளம்பரத் தூதராக இருந்தார்.

அதில் ஒரு பெரிய குறை இருந்தது. ஆன்டெனா அசையாமல் ஒரே திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஆக அது வீட்டு ரேடியோதான், ஓடும் வண்டிக்கு ஆகாது. வண்டிக்கு ஆக வேண்டுமென்றால் அமெரிக்காவில் செய்தது போல நகரங்களில் தரைக் கோபுரங்கள் வேண்டும், அதற்கு அரசின் விதிமுறை வேண்டும். சாட்டிலைட் ரேடியோ பற்றி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-லேயே பரிந்துரை கொடுத்தும் அந்தக் கோபுரங்கள் வந்து வண்டிகளில் சேவை தொடங்கும் நிலை வரவே இல்லை. லாரிகளும் பேருந்துகளும் கேட்கத் தொடங்கியிருந்தால் சந்தா எத்தனையோ மடங்கு பெருகியிருக்கும், நிறுவனம் ஒருவேளை பிழைத்திருக்கும் என்பது என் கருத்து.

பரணிலிருந்து இறக்கி ஒரு முறை பாருங்கள். சில மாடல்களில் எஃப்எம், மீடியம் வேவ் பொத்தான்களும் உண்டு. இருந்தால் சாதாரண ரேடியோவாக நன்றாகவே பாடும், அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் நல்ல தரம்.

கேள்வி: விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் பத்து நாள் கூட ஆகும். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் டவர் போய்விடும். கடலில் சாட்டிலைட் ரேடியோ கேட்க வழி உண்டா? துபாயிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கி வரலாம் என்று ஒருவர் சொல்கிறார். (காசிமேடு, படகு உரிமையாளர்)

பதில்: முதலில் அந்த போன் விஷயம் அண்ணே. கொண்டு வரவே வேண்டாம். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம், அதிலும் துரையா, இரிடியம் போன்றவை பிடிபட்டால் வழக்கு, விசாரணை என்று படகும் ஆட்களும் மாட்டிக்கொள்வார்கள்.

பாட்டு கேட்கும் சாட்டிலைட் ரேடியோ நம் கடலில் இல்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அது எல்லாப் படகுகளிலும் இன்னும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வேதனை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, எத்தனை குடும்பங்கள் ஆண்களை இழந்தன என்று கன்னியாகுமரிக் கரை இன்றும் சொல்லும். அந்தக் குறையைத் தீர்க்கும் கருவிகளில் ஒன்றுதான் 2019-ல் வெளியிட்ட ஜெமினி. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் புயல் எச்சரிக்கை, அலை உயரம், காற்று, மீன் கூட்டம் இருக்க வாய்ப்புள்ள இடம் எல்லாவற்றையும் வழிகாட்டும் ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகிறது. படகில் இருக்கும் சின்னப் பெட்டி அதை வாங்கி ப்ளூடூத்தில் உங்கள் போனுக்குத் தரும். டவரே தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு வகை சாட்டிலைட் ரேடியோதான், குரலுக்குப் பதில் தகவல் வருகிறது, அவ்வளவே.

ஆனால் ஜெமினி ஒருவழிப் பாதை. தகவல் வரும், நீங்கள் பதில் அனுப்ப முடியாது. ஆபத்தில் உதவி கேட்க டாட் என்ற அபாய அறிவிப்புக் கருவி வேண்டும். பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போகும். இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை டாட் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். நடுக்கடலில் தவிப்பவருக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு தெம்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவை பற்றியும் மானியம் பற்றியும் மீன்வளத்துறை அலுவலகத்தில் சங்கத்தோடு சேர்ந்து போய்க் கேளுங்கள், தனியாகப் போவதை விட வேகமாக நடக்கும். படகிலிருந்து பேசும் விஎச்எஃப் ரேடியோக் கருவியில் 16-ம் சேனலை எப்போதும் திறந்தே வையுங்கள். கரையில் இருக்கும் குடும்பத்தினர் 1554 என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளட்டும், அது கடலோரக் காவல்படையின் இலவச எண். பொழுதுபோக்குக்கும் செய்திக்கும் ஒரு மீடியம் வேவ் ரேடியோ படகில் இருக்கட்டும், திறந்த கடலில் அது நன்றாக எடுக்கும்.

கேள்வி: தினம் 2 ஜிபி டேட்டா இருக்கிறது, பாட்டுச் செயலி இருக்கிறது. இந்தக் காலத்தில் சாட்டிலைட் ரேடியோ எதற்கு சார்? (மாதவரம், கல்லூரி மாணவர்)

பதில்: நல்ல கேள்வி தம்பி. மாதவரத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வர உனக்கு அது தேவையில்லை. ஆனால் செயலியில் நீ கேட்கும் பாட்டு உனக்கென்று தனியாக ஒரு பாதையில் வருகிறது. ஒரே டவரின் கீழ் ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் பாதை வேண்டும், கூட்டம் கூடினால் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒலிபரப்பு தெருவிளக்கு மாதிரி, ஒருவர் நடந்தாலும் ஊரே நடந்தாலும் வெளிச்சம் அதேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நம் பகுதி மூழ்கியபோது கரன்ட்டும் போய் போன் சிக்னலும் போய் எத்தனை வீடுகள் தவித்தன என்று நீயே பார்த்திருப்பாய். அந்த நேரத்தில் தகவல் சொல்ல டவரை நம்பாத ஒரு வழி வேண்டும். வானிலிருந்து வரும் ஒலிபரப்பை எந்த வெள்ளமும் தொட முடியாது.

நெடுஞ்சாலையிலும் இதே கதைதான். ஊர்களில் டவர் நன்றாக இருக்கும், காட்டுப் பகுதியிலும் மலைப் பாதையிலும் விட்டுவிட்டு வரும். ஓட்டுகிறவர் அப்போது போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தால் அதுதான் ஆபத்து. ஒரு முறை போட்டுவிட்டுக் கையெடுத்துவிடலாம் என்பதே ரேடியோவின் பெரிய பாதுகாப்பு.

கேள்வி: புதிதாக வாங்கிய காரில் டிஆர்எம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. சாட்டிலைட் ரேடியோவா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: இல்லை, அது தரைக் கோபுரத்திலிருந்து வரும் டிஜிட்டல் ரேடியோ. ஆகாசவாணி பல மீடியம் வேவ் கோபுரங்களில் இதைப் போட்டிருக்கிறது, சென்னையிலும் உண்டு. மீடியம் வேவின் தூரமும் கிட்டத்தட்ட எஃப்எம் தெளிவும் சேர்ந்து கிடைக்கும், திரையில் எழுத்தும் வரும். பணம் கட்ட வேண்டாம். அந்தப் பொத்தான் இருந்தும் அமுக்கிப் பார்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள், இன்றே ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

கேள்வி: பர்மா பஜாரில் ஒரு கடையில் சாட்டிலைட் ரேடியோ என்று இரண்டாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: வேண்டாம். அது வைஃபை அல்லது ப்ளூடூத் ரேடியோவாக இருக்கும். இந்தியாவில் இப்போது வண்டியில் கேட்கும் சாட்டிலைட் ரேடியோ சேவையே கிடையாது, அதனால் அந்தப் பெயரில் எதை விற்றாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: மறுபடி அப்படி ஒரு சேவை இங்கே வருமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: வர வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதற்கான திறமையும் நம்மிடம் இருக்கிறது. இன்றைக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் ஆகாசவாணி நிலையங்கள் செயற்கைக்கோள் வழியாகத்தான் வருகின்றன, ஆனால் மாடியில் டிஷ் வேண்டும். உள்ளூர் நிலையங்களில் வரும் டெல்லிச் செய்தியும் வானத்துக்குப் போய் இறங்கித்தான் ஒலிபரப்பாகிறது. 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6 செயற்கைக்கோளில் ஆறு மீட்டர் அகல ஆன்டெனா இருந்தது, கையடக்கக் கருவிகளோடு தொடர்பு கொள்ளும் எஸ் பேண்ட் அலைக்காகவே (அமெரிக்க சாட்டிலைட் ரேடியோ பயன்படுத்தும் அதே வகை அலை) செய்தது. தண்டையார்பேட்டை வாசகியின் கணவர் சென்னை ரேடியோ மறைவதாகச் சொன்ன அதே சூலூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியது. ஆகாசவாணியே இஸ்ரோவோடு சேர்ந்து, மாநில மொழிக்கு ஒரு சேனல், சாலை நிலவரத்துக்கும் கடல் எச்சரிக்கைக்கும் ஒரு சேனல் என்று இலவசமாகத் தரலாம். தனியார் சந்தாவை நம்பிப் போய் ஒரு முறை பட்டது போதும். லாரி உரிமையாளர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும். லாரிப் பேட்டைக்குப் பேட்டை ஓய்வறை கேட்பது எவ்வளவு நியாயமோ இதுவும் அவ்வளவு நியாயம்.

கேள்வி: வாரம் ஒரு முறை வியாசர்பாடியிலிருந்து மதுரைக்கு வேன் ஓட்டுகிறேன். வழியில் ரேடியோ விடாமல் கேட்க என்ன வைத்துக்கொள்வது? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: ஒரே அலைவரிசையில் பல ஊர்களில் ஒலிபரப்பும் தனியார் எஃப்எம்களில், ஒரு ஊர் மங்கும் இடத்தில் அடுத்த ஊர் சில நேரம் தானாகவே வந்துவிடும். சூரியன் 93.5, ஹலோ 106.4 இரண்டும் அப்படித்தான். நடுவே இரண்டு ஊர் ஒலிபரப்பும் மாறி மாறி வெட்டும் இடம் ஒன்று இருக்கும், அங்கே கொஞ்சம் பொறுத்தால் சரியாகும். ஆகாசவாணிக்குக் கிளம்பும் முன்பே சென்னை 101.4, புதுச்சேரி 102.8, திருச்சி 102.1, கொடைக்கானலின் கோடை பண்பலை 100.5 என்று நாலு பொத்தானில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோடை பண்பலையின் கோபுரம் மலை மேல் இருப்பதால் திருச்சி தாண்டிய பிறகு வெகுதூரத்துக்கு அது ஒன்றே போதும்.